மவுஸுக்கு வாய் இல்லை

போன மாதம் ஒரு ரியூசன் நிலையத்தின் பரிசளிப்பு விழாவுக்குப் போயிருந்தேன். எந்த நிலையம் என்பது முக்கியமில்லை. ஒலிவாங்கியைப் பிடித்தவர் படித்தவர், கணினித் துறையில் நாலு காசு பார்த்தவர். "இன்னும் எங்கட பிள்ளையளைக் கொன்ட்ரோல் சி, கொன்ட்ரோல் வி எண்டு பாடமாக்க விட்டுக்கொண்டிருக்கிறம். உலகம் விரலால தொட்டு நடக்குது. உதுகளை விட்டுப்போட்டு உருப்படியா ஏதும் படிப்பியுங்கோ" என்றார். நல்ல கைதட்டல். எனக்குப் பக்கத்திலிருந்த தகப்பன்மாரும் தட்டினார்கள். என் கை மடியிலேயே கிடந்தது.

இது அவருடைய சொந்தக் கருத்து என்றால் விட்டுவிடலாம். இப்போது அது ஊர்க்கருத்து. குறுக்குவிசை என்றால் கெட்டிக்காரரின் வேகப் பந்தயம், சாதாரண ஆளுக்கு மவுஸ் போதும், போன் வந்தபிறகு மவுஸும் வேண்டாம், போதாக்குறைக்கு அது முழுக்க இங்கிலிஷ் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். பிழை என்று நான் சொல்வதற்குக் காரணம் ஆராய்ச்சி இல்லை, என் கடை.

மருதனார்மடச் சந்தியிலிருந்து கூப்பிடு தூரத்தில் எனக்கு ஒரு சின்னக் கடை. போட்டோக்கொப்பி, லமினேற்றிங், ஒன்லைன் விண்ணப்பம், கோயில் நோட்டீஸ் எல்லாம் செய்வோம். ஆனால் அடுப்பெரிப்பது கல்வெட்டு. வெளியூர் வாசகருக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கம் ஒருவர் காலமானால், அவருடைய வாழ்க்கைக் குறிப்பும் தேவாரமும் பிள்ளைகள் பேரப்பிள்ளைகளின் புலம்பலும் சேர்த்து முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்கு ஒரு சிறு புத்தகம் அடிப்பார்கள். அதுதான் கல்வெட்டு. கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம், அந்தியேட்டியைத் தள்ளிப்போட முடியாது. இருபது வருடத்துக்கு மேலாக அந்த நெருக்கடிக்குள் இருந்து விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் இந்த வேகக் கதையை ஒதுக்கி வைக்க வேண்டும். 1980 இல் கார்ட், மொறான், நியூவெல் என்ற மூவர் கணினி வேலையை நொடிக்கணக்காகப் பிரித்து அளந்தார்கள். ரைப் அடித்துப் பழகிய சராசரி ஆளுக்கு ஒரு விசைக்கு 0.2 நொடி, விசைப்பலகையிலிருந்து மவுஸுக்குக் கை போக 0.4, திரையில் ஒரு இடத்தைக் குறிபார்க்க 1.1, அடுத்து என்ன செய்வது என்று மனம் ஆயத்தமாக 1.35. விசைக் கட்சிக்காரர் இதைத் தூக்கிக்கொண்டு திரிவார்கள். மற்றக் கட்சியிடமும் ஆயுதம் உண்டு. அப்பிள் நிறுவனத்தில் இருந்த புரூஸ் தொக்னாசினி 1989 இல் எழுதினார்: ஆட்களைக் கேட்டால் விசையே வேகம் என்கிறார்கள், கடிகாரத்தைக் கேட்டால் மவுஸ்தான் வேகம் என்கிறது. எந்த விசை என்று யோசிக்கும் நேரத்தை மனம் கணக்கில் எடுப்பதில்லை என்பது அவருடைய விளக்கம்.

எது சரி? என் கடைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு கல்வெட்டு பிந்துவது இரண்டு நொடியால் இல்லை. ரொறொன்ரோ மகன் தகப்பனின் படத்தை இருபத்தொன்பதாம் நாள் இரவு அனுப்புவதால் பிந்துகிறது. வேகத்தைச் சொல்லிக் குறுக்குவிசையை விற்க வந்தவர்கள்தான் அதைக் கெடுத்தார்கள். நூறு விசைகளைப் பட்டியல் போட்டு வகுப்புச் சுவரில் ஒட்டியவர்களும் அந்தக் கூட்டம்தான். நூறு எனக்கே தெரியாது. அன்றாடம் என் கை தேடுவது பத்துக்குள் அடங்கும். விழாப் பேச்சாளர் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் கோபப்பட்டிருக்க வேண்டும். அவ்வளவில் அவர் பக்கம் நியாயம் உண்டு.

குறுக்குவிசை கெட்டதற்குப் பெயரும் ஒரு காரணம். 'ஷோர்ட்கட்' என்பதைக் 'குறுக்குவழி' என்று மொழிபெயர்த்தோம். தமிழில் குறுக்குவழியால் போனவன் என்றால் கள்ளன் என்றுதான் காதில் விழும். முறையான பாதை மவுஸ், இது மதிலேறிக் குதிப்பது என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. காங்கேசன்துறை வீதியை விட்டு இறங்கி ஒழுங்கைக்குள் நடக்கிறவன் குறுக்கால் போகிறான் என்று ஊரில் யாரும் சொல்வதில்லை. அவனுடைய வீடு அங்கே இருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, வேகம் இல்லையென்றால் வேறு என்ன? இணுவிலில் ஒரு ரீச்சர் இருக்கிறா. இளைப்பாறி வெகுகாலம். ஸ்காபரோவில் இருக்கும் மகள் ஒரு மடிக்கணினி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போய்விட்டா. ரீச்சருக்குத் தன் தகப்பனாரைப் பற்றி எழுத ஆசை. கொஞ்சம் எழுதியும் விட்டா. பிறின்ற் எடுக்க வேண்டும். மகள் அங்கிருந்து வட்ஸ்அப்பில் வழி சொல்கிறா.

"மேலை இடப்பக்கம் ஒரு சின்னப் பெட்டி மாதிரி இருக்கும் அம்மா, அதை அமத்துங்கோ."

"எந்தப் பெட்டி மோள்? இஞ்சை பதினைஞ்சு பெட்டி கிடக்கு."

"நீலமா இருக்கும்."

"எல்லாம் நீலமாத்தான் கிடக்கு."

இருபது நிமிடம் இப்படியே போயிருக்கிறது. கடைசியில் எனக்கு அடித்தா. நான் சொன்னது இவ்வளவுதான்: "ரீச்சர், கீழ் வரிசையில இடப்பக்கம் சி, ரி, ஆர், எல் எண்டு நாலு எழுத்துப் போட்ட விசை இருக்கும். அதை அமத்திக்கொண்டு பி எழுத்தை ஒருக்காத் தட்டுங்கோ." மூலை என்று நான் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சில மடிக்கணினிகளில் மூலையில் வேறொரு விசை குந்திக்கொண்டிருக்கும், பலரை அது அலைக்கழித்திருக்கிறது. "ஏதோ திறந்திட்டுது தம்பி" என்றா. "என்ரரைத் தட்டுங்கோ." அந்தப் பக்கம் மெசின் இரையும் சத்தம் எனக்கே கேட்டது.

நான் சொல்ல வந்தது இதுதான். விசையை வாயால் சொல்லலாம். மவுஸால் செய்வதைச் சொல்ல முடியாது, காட்டத்தான் முடியும். பக்கத்தில் நின்று காட்ட ஆளில்லாதவருக்கு மவுஸ் ஊமை. வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கும் ஊர் இது. தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் இருப்பது ஒரு தொலைபேசி. அதற்குள் நுழையக்கூடிய கணினி அறிவு விசை அறிவு ஒன்றுதான்.

சொன்னது பழுதாகாமலும் இருக்கும். படங்களும் பெட்டிகளும் பதிப்புக்குப் பதிப்பு இடம் மாறும். 2007 இல் மைக்ரோசொப்ட் வேர்ட்டின் முகத்தையே மாற்றியபோது பத்து வருட அனுபவம் உள்ளவர்கள் என் கடையில் வந்து, பிறின்ற் எங்கே போனது என்று கேட்டார்கள். கொன்ட்ரோலும் பி-யும் அப்படியே இருந்தது. அதைவிடப் பழையதும் உயிரோடிருக்கிறது. 1987 இல் ஐபிஎம் வகுத்த முறைப்படி கொன்ட்ரோலோடு இன்சேர்ட் தட்டினால் படியெடுக்கும், ஷிப்டோடு இன்சேர்ட் தட்டினால் ஒட்டும். இன்றைய வின்டோஸில் தட்டிப் பாருங்கள்.

மருதனார்மடத்தில் இருந்துகொண்டு இதை நான் விளக்க வேண்டியிருப்பதுதான் வேடிக்கை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் பெண்களுக்குக் கல்லூரி திறந்த ஊர் இது. அவர் பெயரிலேயே இசைக்கும் நடனத்துக்கும் ஒரு கழகம் எழுந்து, பின்னாளில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. அந்தப் பக்கத்தால் மாலையில் நடந்தால் மிருதங்கம் கேட்கும். மிருதங்கத்துக்கு முன் வாய் கேட்கும்: த, தி, தொம், நம். வலக்கையின் எந்த விரல், இடக்கையின் எந்த அடி என்பதற்கெல்லாம் ஒவ்வோர் அசை. பிள்ளை முதலில் வாயால் சொல்லும், பிறகு தோலில் அடிக்கும். மிருதங்கம் வீட்டில் இல்லாத பிள்ளையும் தொடையில் தட்டிப் பழகும். சொற்கட்டு இல்லாமல் காட்டி மட்டும் பழக்கியிருந்தால் அந்தக் கலை இத்தனை தலைமுறை தாண்டி வந்திருக்குமா? 'கொன்ட்ரோல் சி' என்பது கணினியின் சொற்கட்டு. அதைப் பாடமாக்குவதைக் கேவலம் என்கிறவர், தகதிமி சொல்லும் பிள்ளையிடம் போய் அதைச் சொல்லட்டும்.

விளக்கிச் சொல்லவும் தெரிய வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். புத்தகங்களில் கொன்ட்ரோல் என்று போட்டு, ஒரு கூட்டல் குறி போட்டு, பெரிய எழுத்தில் சி போட்டிருப்பார்கள். அதைப் பார்த்த ஒரு பெடியன் என் கண்ணுக்கு முன்னால் மூன்று விசை அமத்தினான்: கொன்ட்ரோல், கூட்டல், சி. எழுத்து பெரிதாக்கப்பட்டுத் திரை நிறைந்துவிட்டது. இன்னொரு பிள்ளை பெரிய எழுத்துத்தானே என்று ஷிப்டையும் சேர்த்து அமத்தினாள், ஒன்றும் நடக்கவில்லை. பிழை பிள்ளைகளிடம் இல்லை, எழுதிய முறையில் இருக்கிறது.

தமிழில் விளக்க முடியாது என்ற கதை இந்த இடத்தில்தான் கவிழ்கிறது. இங்கிலிஷ்காரர் சேர்த்து அமத்துவதற்குக் கூட்டல் குறியும், ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுவதற்குக் காற்புள்ளியும் போட்டுச் சமாளிக்கிறார்கள். எங்களுக்குக் குறியே தேவையில்லை. அமத்திக்கொண்டு தட்டு என்றால் முதல் விரல் இன்னும் அங்கேயே இருக்கிறது. அமத்திப்போட்டுத் தட்டு என்றால் முதல் விரல் எடுத்தாயிற்று. வேர்ட்டில் அட்டவணை போட ஆல்ட்டை அமத்திப்போட்டு, என்னைத் தட்டிப்போட்டு, ரியைத் தட்ட வேண்டும். கொப்பி எடுக்கக் கொன்ட்ரோலை அமத்திக்கொண்டு சி. இதை விளங்காத யாழ்ப்பாணத்துக் கிழவியை நான் இன்னும் காணவில்லை. சோற்றைக் கிளறிக்கொண்டு உப்புப் போடுவதும், கிளறிப்போட்டு உப்புப் போடுவதும் ஒன்றா?

இனி அந்த இங்கிலிஷ் குற்றச்சாட்டு. சி என்றால் கொப்பி, சரி. ஒட்டுவதற்கு வி எந்த இங்கிலிஷ் சொல்லின் முதலெழுத்து? வெட்டுவதற்கு எக்ஸ், செய்ததை மீட்பதற்கு இசெட் எப்படி வந்தது? வெட்டி ஒட்டும் வேலையை லரி தெஸ்லரும் ரிம் மொற்றும் எழுபதுகளின் நடுவில் செரொக்ஸ் பார்க் ஆய்வுகூடத்தில் ஒழுங்குபடுத்தினார்கள். இந்த நாலு விசையும் 1983 இல் அப்பிளின் லீசாவோடு வெளியே வந்தன. எக்ஸ் என்பது கோடுபோட்டு அடிப்பது. வி என்பது வரிக்கு நடுவே சொல்லைச் செருகப் புரூப் பார்க்கிறவர் போடும் குறியைத் தலைகீழாக்கியது. இசெட் பக்கத்து வீடு என்பதால் சேர்ந்துகொண்டது. மொழிக்கு அங்கே பெரிய வேலை இல்லை. கீழ் வரிசையில் இடக்கைக்கு வசதியான நாலு விசை, அவ்வளவுதான்.

எங்கள் கடையில் அந்த நாலுக்கும் வேறு பெயர். 2008 இல் எஸ்எல்எஸ் 1326 என்று ரெங்கநாதன் விசைப்பலகைக்கு அரச தரமே வந்தும், யாழ்ப்பாணத்து அச்சு வேலை இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் ஓடுகிறது. பாமினியில் சி தட்டினால் உ. வி என்றால் எ. எக்ஸ் ஒ, இசெட் ண. என்னோடு பல வருடம் வேலை செய்த ஒரு தங்கச்சிக்கு இங்கிலிஷ் எழுத்து வரிசை சரியாக வராது. ஆனால் "அண்ணை, கொன்ட்ரோலோடை உ அடிச்சுப்போட்டு, அடுத்த பக்கத்தில கொன்ட்ரோலோடை எ அடியுங்கோ" என்று எனக்கே சொல்லித்தருவாள். சேமிக்கக் கொன்ட்ரோலும் ள-வும். தேடக் கொன்ட்ரோலும் க-வும். பிள்ளையார் சுழி போட்டுப் படியெடுக்கிற சாதி உலகத்தில் நாங்கள் ஒன்றுதான் என்று சிரித்துக்கொள்வோம். இதில் எங்கே இங்கிலிஷ்?

பிரான்சிலிருந்து வந்த மருமகனின் கணினியில் இது தலைகீழானது வேறு விஷயம். அந்த நாட்டு விசைப்பலகையில் ஏ-யும் கியூவும் இடம் மாறியிருக்கும், எம் வலப்பக்கம் ஓடியிருக்கும். பாமினியில் எம் என்றால் அ. அகரமே இடம்பெயர்ந்த விசைப்பலகையில் அன்று நான் ஒரு வரிகூட அடிக்கவில்லை.

விசையோடு தமிழனுக்கு உள்ள உறவு நேற்று வந்ததில்லை. 1886 இல் சுண்டுக்குளியில் பிறந்து கடல் கடந்து போன ஆர். முத்தையாதான் தமிழ்த் தட்டச்சுக்கு விசைப்பலகை வகுத்தவர். ஜேர்மனியில் செய்த பிஜோ மெசினில் அது ஏறியது. இருநூற்றுச் சொச்ச எழுத்தை நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட விசைக்குள் அடக்க, தட்டினாலும் வண்டி நகராத விசையைப் பயன்படுத்தினார். புள்ளியைத் தட்டு, வண்டி அசையாது. பிறகு மெய்யைத் தட்டு, புள்ளி அதன் தலையில் நிற்கும். அமத்திப்போட்டுத் தட்டுகிற சங்கதிதான். 1990 இல் போன மின்சாரம் ஆண்டுக்கணக்கில் வராதிருந்த காலத்தில் அப்படியொரு இரும்பு மெசினில்தான் நானும் பழகினேன். மாஸ்ரர் கண்ணை மூடிக்கொண்டு யளனகபக, யளனகபக என்று சொல்லுவார். நாங்கள் விசையைப் பார்த்தால் அடிமட்டத்தால் விழும்.

கண் என்றதும் நினைவு வருகிறது. எங்களுக்கு அடுத்த ஊர் சுன்னாகம். அங்கே வாழ்வகம் என்று விழிப்புலன் இழந்த பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளில் ஒருவர் கணினிக்கு முன் இருந்தால், "நீலப் பொத்தானை அமத்து" என்று எந்த வாயால் சொல்வீர்கள்? 2006 இல் மைக்கல் கறன் என்ற அவுஸ்திரேலியர் என்விடிஏ என்ற திரைவாசிப்பானைத் தொடங்கினார், ஜேம்ஸ் தே என்ற இன்னொரு அவுஸ்திரேலியர் அவரோடு சேர்ந்துகொண்டார். இருவருக்கும் பார்வை இல்லை. அதை இலவசமாகவே கொடுக்கிறார்கள். அதனோடு வரும் ஈஸ்பீக் குரல் தமிழும் வாசிக்கும். குரல் இனிமையென்று பொய் சொல்லமாட்டேன், தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவது போலத்தான் இருக்கும். ஆனால் எச் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும், கொன்ட்ரோலைத் தட்டினால் வாயை மூடும். இன்சேர்ட்டை அமத்திக்கொண்டு 1 தட்டினால் அதன் பிறகு தொடும் ஒவ்வொரு விசையும் தன் பெயரையும் தன் வேலையையும் தானே சொல்லும். அதைவிட நல்ல ரியூசன் மாஸ்ரர் யார்? தொடுதிரைக் காலம் வந்துவிட்டது, விசைப் பாடத்தைத் தூக்குங்கள் என்கிறவர், யாருடைய கதவைச் சாத்துகிறோம் என்று பார்த்துவிட்டுச் சாத்த வேண்டும்.

போன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படம் வெட்ட, அல்பம் ஒழுங்குபடுத்த மவுஸும் விரலும்தான் எனக்கும் வேண்டும். ஆனால் நாற்பது பக்கக் கல்வெட்டில் மூத்த மருமகளின் பெயரை எல்லா இடத்திலும் பிழையாக அடித்துவிட்டால், விரலால் தடவித் தடவி எத்தனை இடத்தில் திருத்துவீர்கள்? கொன்ட்ரோலோடு எச் தட்டி இரண்டு பெயரையும் ஒருமுறை எழுதினால் முடிந்தது. மருமகள் கோபம் மட்டும் முடியாது.

2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவித்திருந்தார்கள். ஒரு மாலை, சொன்ன நேரத்துக்கு முன்னரே கரண்ட் போனது. என் யூபிஎஸ் கிழடு. இரண்டையும் இழுக்காது என்பதால் பெட்டியை மட்டும் அதில் கொழுவியிருந்தேன், திரையை இல்லை. கண்ணுக்கு முன்னால் கறுப்புச் சதுரம். உள்ளே சேமிக்காத ஆறு பக்கம். யூபிஎஸ் கீச் கீச் என்று கத்துகிறது. மவுஸை எங்கே கொண்டுபோய் அமத்துவது? கொன்ட்ரோலோடு ள. அந்தக் கீச்சுக்கு நடுவே கேட்டது அந்த இரண்டு விசையின் சத்தம் மட்டும்தான். விடிந்தபின் திறந்தால் ஆறு பக்கமும் இருந்தது.

இணுவில் ரீச்சர் போன வருடம் கிணத்தடியில் வழுக்கி விழுந்து வலக்கையை முறித்துக்கொண்டா. தகப்பனாரைப் பற்றிய புத்தகம் பாதியில் நின்றது. நான் போய் ஷிப்டை ஐந்து தரம் தொடர்ந்து தட்டி, வந்த கேள்விக்கு ஓம் கொடுத்துவிட்டு வந்தேன். வின்டோஸில் 1995 இலிருந்து இருக்கும் வசதி இது. அதன் பிறகு கொன்ட்ரோலை ஒரு விரலால் தட்டி விட்டுவிடலாம், அது அமத்தினபடியே இருப்பதாகக் கணினி எடுத்துக்கொண்டு அடுத்த விசைக்குக் காத்திருக்கும். ஒரு கையால் மிச்சப் புத்தகத்தையும் அடித்து முடித்தா.

சென்ற கிழமை சரிபார்த்த பிரதியைக் கொடுக்கப் போனேன். ரீச்சர் போனில் இருந்தா. அந்தப் பக்கம் ஸ்காபரோவில் பேத்தி, பள்ளிக்கூட ஒப்படையில் எதையோ அழித்துவிட்டு அழுகிறாள் போலிருந்தது. ரீச்சர் எனக்குக் கதிரையைக் காட்டிவிட்டு, வகுப்பில் நிற்கிற குரலில் சொன்னா: "இசெட் பிள்ளை, இசெட். இல்லையில்லை, அம்மம்மாவுக்குத்தான் அமத்திப்போட்டு. நீ அமத்திக்கொண்டு தட்டு."